தகடு வைத்த இடம்

என் வீட்டுக்காரரின் நெஞ்சு தப்பாக அடிக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை, நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவளுக்குப் பெருமையடித்துக்கொள்ள வேறு விஷயம் அதிகம் இல்லை. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் பின்பாதியில் நடந்தது. அப்போது அவர் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் பக்கம் போகிற ஒரு தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். சனிக்கிழமை மட்டும் மாற்று டிரைவர் வருவார். அன்றைக்கு இவருக்கு எண்ணெய்க் குளியல். கிணற்றடிக் கல்லில் கோவணத்தோடு உட்கார்ந்திருப்பார், நான் நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போய்த் தேய்ப்பேன். அந்தச் சனிக்கிழமை முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் உள்ளே என்னவோ தத்தித் தத்திக் குதிக்கிறது. இரண்டு முறை குதிக்கிறது, நிற்கிறது, மறுபடி நாலைந்து முறை அவசரமாகக் குதிக்கிறது.

"மச்சான், உள்ளாற தவக்களை வளக்குறீங்களா?"

"ஒனக்கு எப்பப் பாத்தாலும் நக்கல்தான். நல்லா அழுத்தித் தேயி புள்ள."

"தேய்க்கிறேன். அது எங்கிட்டாச்சும் தாவிப் போயிருச்சின்னா என்னையக் கேக்கக் கூடாது."

அவர் சிரிக்கவில்லை. நான் சொல்வதற்கெல்லாம் சிரிக்கிற மனிதர் இல்லைதான், ஆனால் முறைக்கவாவது செய்வார். அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மிஸ் அடிக்குது."

"எது?"

"இஞ்சினுதான். நாலு சிலிண்டர்ல ஒண்ணு வுட்டு வுட்டு அடிச்சா இப்படித்தான் இருக்கும். ரெண்டு மாசமா இருக்கு. ஆத்தாகிட்டச் சொல்லாத. மொதலாளி காதுக்குப் போச்சின்னா ஸ்டியரிங் போயிரும்."

இரண்டு மாதமாக மூச்சு வாங்குவதை மறைத்திருக்கிறார். வண்டியை விட்டு இறங்கினால் டயரைப் பார்ப்பது போலக் குனிந்து நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் நடப்பாராம். நெஞ்சைப் பற்றி அவருக்குப் பயம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்டியரிங்கைப் பற்றித்தான் பயம். அந்தப் பஸ் எனக்குச் சக்களத்தி மாதிரி. தினமும் காலையில் அதன் கண்ணாடியைத் தன் துண்டாலேயே துடைப்பார். நான் துவைத்துப் போட்ட துண்டு. எனக்கு அவர் பூ வாங்கி வந்த நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மட்டும் ஒருநாள் தவறாமல் பூச்சரம் வரும். வண்டியை விட்டுவிட்டால் அவர் பாதி ஆள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதி ஆளாவது எனக்கு வேண்டுமே. அதனால் அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

புதுக்கோட்டை டாக்டர் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். மணிக்கட்டைப் பிடித்தார், மறுபடியும் குழலை வைத்தார்.

"சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. ஒரு மாசம் படுத்துக் கெடந்தேன்னு ஆத்தா சொல்லும்."

"அதோட தழும்பு உள்ள இருக்கு. தழும்பு கொஞ்சம்தான். ஆனா தாளம் தப்பிருச்சு. இப்படியே வுட்டா ரத்தம் உள்ளயே கட்டி மூளைக்குப் போனாலும் போகும். இதச் சரி பண்ணாம நீங்க பஸ்ஸத் தொடக் கூடாது."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டருக்கே இரக்கம் வந்துவிட்டது. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று புதிதாக ஒரு மெஷின் வந்திருப்பதாகச் சொன்னார். மயக்க ஊசி போட்டு, மேலுக்கு நெஞ்சில் ஒன்றும் விலா ஓரத்தில் ஒன்றுமாக இரண்டு தகடு வைத்து, கண் மூடித் திறப்பதற்குள் ஒரு சொடுக்குக் கரண்டு கொடுப்பார்களாம். தாறுமாறாகத் துடிக்கிற நெஞ்சு ஒரு நொடி நின்று, ஒழுங்காகத் தொடங்குமாம்.

இவர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். "பாசிட்டிவ் எந்தப் பக்கம் வப்பீங்க, நெகட்டிவ் எந்தப் பக்கம்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "ஒங்க பேட்டரி கணக்கு இதுக்குச் செல்லாதுய்யா. இதுல எடந்தான் முக்கியம். ரெண்டு தகட்டுக்கும் நடுவுல இருதயம் வரணும். தகடு தள்ளிப் போச்சின்னா கரண்டு ஓரமா ஓடிப் போயிரும், உள்ள தொடாது."

"அப்ப டெர்மினல் சரியாப் பிடிக்கணும்னு சொல்லுங்க."

"அப்படியே வச்சுக்கங்க."

மெட்ராஸுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முதலாளியும் கெட்டவர் இல்லை. "டாக்டர் ஓட்டலாம்னு எழுதிக் குடுத்த கடுதாசியக் கொண்டா. ஸ்டியரிங் ஒன்னோடது. அதுவரைக்கும் வேற ஆளு ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டார். இவர் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் சும்மாவா? ரோட்டில் தன் பஸ் போகிற சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வந்து, "கியர் மாத்துறாம் பாரு, முருங்கைக்காய ஒடிக்கிற மாதிரி" என்பார்.

இனி மாமியாருக்குச் சொல்லாமல் முடியாது. நான்தான் சொன்னேன். சொன்ன விதத்தில்தான் தப்பு நடந்தது.

எங்கள் பக்கத்தில் தகடு என்றால் ஒரே அர்த்தம்தான். செப்புத் தகட்டில் கட்டம் கீறி, எழுத்து எழுதி, ஆகாதவர்கள் வீட்டு வாசலில் புதைப்பது. வைத்த தகட்டை எடுக்க இன்னொரு தகடு உண்டு, அதற்கென்று ஆளும் உண்டு. மகன் இளைத்துப்போனதைப் பார்த்து என் மாமியார் ஏற்கெனவே யாரோ தகடு வைத்துவிட்டார்கள் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் கடப்பாரையை எடுத்து வாசற்படியடியில் தானே தோண்டிவிட்டார். கிடைத்தது ஒரு போல்ட். அது இவர் சட்டைப் பையிலிருந்து விழுந்தது. இருந்தாலும் அதை எலுமிச்சம்பழத்தோடு சேர்த்துக் கண்மாயில் வீசிவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவரிடம் போய் நான், "அயித்த, டாக்டரு ரெண்டு தகடு வைக்கணும்னு சொல்லிட்டாரு" என்றேன்.

கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். "பாத்தியா. படிச்ச டாக்டரு, பட்டுனு சொல்லிப்புட்டாரு. நாஞ் சொன்னப்ப நீ சிரிச்ச."

அந்த இடத்தில் நான் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு சும்மா இருந்தால்தானே.

"ஆமா அயித்த. ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு ஓரமா."

"யாரு வச்சு வுடுறது?"

"மெட்ராஸ்ல ஒருத்தரு இருக்காராம். பெரிய கையாம். வெள்ளை அங்கி போட்டுக்கிட்டுத்தான் வப்பாராம்."

"அசலூருக்காரரு வைக்கிற தகடு நம்ம சாமிக்குக் கட்டுப்படுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்து நான் புளியை ஊறவைக்கப் போய்விட்டேன். பிறகுதான் தெரிந்தது. ஊருக்கு மேற்கே இருந்த ஒருவரிடம் போய்ச் செப்புத் தகடு இரண்டு எழுதி வாங்கி, மஞ்சள் துணியில் சுற்றி, மகனின் பனியனில் உள்பக்கமாக வைத்துத் தைத்திருக்கிறார். ஒன்று நெஞ்சுக்கு நேராக. இன்னொன்று முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே. ஓரத்தில் வைத்தால் கை ஆட்டும்போது குத்தும் என்று தாயுள்ளம் யோசித்திருக்கிறது.

ரயிலில் இவர் முதுகைச் சாய்க்காமல் விறைப்பாக உட்கார்ந்து வருவதைப் பார்த்துக் கேட்டேன்.

"என்ன மச்சான், பட்டாளத்துக்கா போறீங்க?"

"ஆத்தா தகடு தச்சு வுட்டிருக்கு. சாய்ஞ்சா குத்துது."

"கழட்டிப் பையில வைங்களேன்."

"தச்சது யாரு? நீ கழட்டுவியா?"

நானும் கழற்றவில்லை. அந்த மாமியாரை எதிர்க்கிற தைரியம் மெட்ராஸ் போகிற ரயிலில்கூட வருவதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள். பிறகு நாள் குறித்தார்கள். அன்றைக்குக் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நாவிதர் வந்து நெஞ்சில் வட்டமாக ஓர் இடத்தையும் இடது விலாவில் ஓர் இடத்தையும் மழித்துவிட்டுப் போனார். நெஞ்சு முடியில் என் வீட்டுக்காரருக்கு ஒரு கர்வம் உண்டு. மேல்பட்டனைப் போடாமலே திரிவார்.

"என்ன மச்சான், அறுப்புப் பாதியில நிக்கிது? மழ வந்துருச்சா?"

"ஏ, சும்மா இருக்க மாட்ட?"

சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் என்று அவருக்கும் தெரியும். கையை என் பக்கம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் பார்க்கக் கையைப் பிடித்துக்கொள்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மணிக்கட்டில் அது தத்தித் தத்திக் குதித்துக்கொண்டிருந்தது.

அறைக்குள் கூட்டிப்போய் மேசையில் உட்காரவைத்து, நர்ஸம்மா சட்டையைக் கழற்றச் சொன்னார். சட்டைக்குள் பனியன் இருந்தது. நாவிதர் மழித்து முடித்ததும் ஆத்தா தைத்த பனியனை மறுபடி மாட்டிக்கொண்டுவிட்டார் மனிதர். நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், இங்க என்னமோ கெட்டியா இருக்கு" என்று டாக்டரைக் கூப்பிட்டார். ஊசி போடும்வரை வாசற்படியில் நிற்கலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். ஓடி ஒளியலாமா என்று பார்த்தேன், ஒளிவதற்கு ஒரு தூண்கூட இல்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரர். கத்தரியை வாங்கித் தையலைப் பிரித்து இரண்டு தகட்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது யாரு வச்சது?"

"எங்க ஆத்தாங்க."

"எதுக்கு?"

"டாக்டரு ரெண்டு தகடு வைக்கச் சொன்னாருன்னு அதுகிட்ட ஒரு ஆளு சொல்லிப்புட்டாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். டாக்டரும் என்னைப் பார்த்தார். நான் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன்.

"மேல செம்பு இருக்கயில கரண்டு வச்சிருந்தா வெந்து போயிருக்கும்மா" என்றார் டாக்டர். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணா வச்சிருக்காங்க. நான் முன்னாடி ஒண்ணும் பக்கத்துல ஒண்ணும் வைக்கப் போறேன். பாப்போம், யாரு தகடு வேலை செய்யுதுன்னு."

மெஷினில் கறுப்புப் பிடி போட்ட இரண்டு வட்டத் தகடுகள் தொங்கின, தோசை திருப்பியைக் கொஞ்சம் குட்டையாக்கினது போல. நர்ஸம்மா அவற்றில் வெள்ளையாக ஒரு பசையைத் தடவினார்.

"டெர்மினலுக்கு வாசலின் தடவுறாங்க" என்று இவர் என்னிடம் விளக்கம் சொன்னார். அதுதான் ஊசிக்கு முன்னால் அவர் பேசிய கடைசிப் பேச்சு. என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

வெளியே பெஞ்சு இருந்தது, நான் உட்காரவில்லை. உள்ளே யாரோ என்னவோ இங்கிலீஷில் சொன்னார்கள். உடனே தொம்மென்று ஒரு சத்தம். மூட்டையை மேசையில் போட்டது மாதிரி. அந்த மூட்டை என் வீட்டுக்காரர்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சத்தமே இல்லை. சரியாகிவிட்டது என்றால் யாராவது வந்து சொல்ல வேண்டுமே. ஒருவரும் வரவில்லை. மேசை நகர்கிற சத்தம். "திருப்புங்க, சாய்ச்சுப் பிடிங்க" என்று டாக்டர் குரல். நாவிதர் மழிக்காத இடத்தில் வைக்கப் போகிறார்கள் போலிருக்கிறது என்று அந்த நேரத்திலும் எனக்குப் புத்தி போனது. இவருக்கு முதுகில் முடி கிடையாது. அதை உள்ளே போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இன்னொரு தொம்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"சரியாயிருச்சும்மா. மொதல் தடவ கேக்கல. அப்பறம் ஒரு தகட்ட முதுகுப் பக்கம் மாத்தி வச்சேன். ஒடனே புடிச்சுக்கிச்சு." நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க மாமியார் வச்ச எடந்தான்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டும் கலந்து வந்ததில் மூக்கு ஒழுகிவிட்டது.

அவர் கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தேன். நாக்குக் குழறிக்கொண்டு கேட்டார்.

"செல்ஃப் எடுத்துருச்சா?"

நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். பசை பிசுபிசுத்தது. உள்ளே ஒன்று, ஒன்று, ஒன்று என்று நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

"எடுத்துருச்சு. சீரா ஓடுது. படுத்துக்கிட்டு ஹாரன் அடிக்காதீங்க, நோயாளிங்க தூங்குறாங்க."

மாத்திரையை விடக் கூடாது, மறுபடி தாளம் தப்பினாலும் தப்பலாம், அப்போது உடனே வர வேண்டும் என்று சொல்லி டாக்டர் அனுப்பினார். இங்கிலீஷில் ஒரு கடிதம் கொடுத்தார். இரண்டு செப்புத் தகட்டையும் நர்ஸம்மா காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். நெஞ்சில் ஒன்று, விலாவில் ஒன்று, முதுகில் ஒன்று என்று மூன்று சிவந்த வட்டங்களோடு இவர் ஊர் திரும்பினார்.

முதுகு விஷயத்தை மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்று ரயில் முழுக்க யோசித்தேன். சொன்னால் அவர் அடிக்கிற பெருமையில் வீட்டில் குடியிருக்க முடியாது. ஆனாலும் சொன்னேன். அந்த வயதான மனுஷி அதைக் கேட்டதும் மகனைத் திரும்பி உட்காரச் சொல்லி முதுகு வட்டத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"மெட்ராஸ்க்காரரு மொதல்லயே என்னையக் கேட்டிருந்தா ஒரு தடவயோட போயிருக்கும்."

அன்றைக்குத் தொடங்கி, இடுப்புப் பிடிப்பு, பல்வலி என்று தெருவில் யார் சொன்னாலும் எங்கே தகடு வைக்கலாம் என்று யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்.

இனிக் கடிதத்தைக் கொடுத்தால் ஸ்டியரிங் கிடைத்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். இவர் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். முதலாளி இல்லை. கண்டக்டர் இருந்தார், இவரோடு பல வருஷம் ஒரே வண்டியில் ஓடிய மனிதர். அண்ணனுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற ஆசையில் டீக்கடை வாசலில் வைத்துப் பிரித்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் டிக்கெட்டில் இருக்கிற இங்கிலீஷ்தான். அந்தக் காகிதம் முழுவதிலும் அவருக்குப் புரிந்தது இரண்டு சொல். ஒன்று, ஷாக். இன்னொன்று, ஃபிட்.

ஓட்டுவதற்கு இவர் ஃபிட் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். டீக்கடையில் இருந்தவர்களுக்குத் தெரிந்த ஃபிட், ஃபிட்ஸ்தான். காக்காய்வலிப்பு. ஷாக் என்றாலும் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான், புத்தி பேதலித்தவர்களுக்கு இரண்டு நெற்றிப்பொட்டிலும் கரண்டு வைப்பது. கண்டக்டர் கடிதத்தை மடித்து முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் வலிப்பு வந்து, பைத்தியம் பிடித்து, மண்டையில் கரண்டு வாங்கிக்கொண்டு வந்த மனிதராகிவிட்டார்.

முதலாளி விவரம் தெரிந்த ஒருவரிடம் கடிதத்தைக் காட்டி உண்மையைத் தெரிந்துகொண்டார். "ஓட்டலாம்னுதான் எழுதியிருக்கு. எனக்குச் சந்தேகமில்ல. ஆனா சனம் ஏறணும்ல? திங்கக்கெழம காலைல ஒரு நட எடு. ஏறுனாங்கன்னா வண்டி ஒன்னோடது. ஏறலைன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

திங்கட்கிழமை நாங்கள் மூன்று பேரும் போனோம். காக்கிச் சட்டையை நான் கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தேன். கண்ணாடிக்குப் பூச்சரம் அவரே வாங்கினார். கண்டக்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அண்ணே, நான் ஒண்ணும் வேணும்னு படிக்கல" என்று பின்னாலேயே வந்தார்.

"தெரியும்டா. டிக்கெட்டக் கிழி, போ."

கிழிக்க ஆள் இல்லை. வண்டி ஸ்டார்ட் பண்ணி நிற்கிறது, சனம் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அரை மணி கழித்து இன்னொரு பஸ் உண்டு, அதற்காக. நானும் மாமியாரும் முன்சீட்டில் உட்கார்ந்தோம். எங்களைப் பார்த்து ஏறுவார்கள் என்று நினைத்தேன். வீட்டு ஆட்களைத் தவிர யாரும் ஏறவில்லை என்று காட்டத்தான் அது உதவியது. இவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துவிட்டது. எனக்கு அவரைத் திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை.

மாமியார்தான் முதலில் எழுந்தார்.

"எறங்குடா. சட்டையக் கழட்டு."

"ஆத்தா, பஸ் ஸ்டாண்டு ஆத்தா."

"பஸ் ஸ்டாண்டுன்னா? ஒன்னைய அம்மணமா இந்த ஊரே பாத்துருக்கு. கழட்டுடா."

கழற்றினார். நெஞ்சு முடி அப்போதுதான் மழித்த இடத்தில் முள் முள்ளாக முளைத்துக்கொண்டிருந்தது. மாமியார் மகனை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய், சந்தையில் மாட்டைக் காட்டுவது மாதிரி முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்கங்கப்பா. தகடு வச்சது இங்கிட்டு. அப்பறம் இங்கிட்டு. அப்பறந்தான் இங்கிட்டு, இது நாஞ் சொன்ன எடம். மண்டைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

கூட்டத்திலிருந்து பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார். "ரெண்டு தகடுன்னுல்ல சொன்னாங்க. மூணு வட்டம் இருக்கே?"

"ஒண்ண மாத்தி வச்சாங்க."

"மாத்துறப்ப மண்டையிலயும் வச்சிருந்தா?"

மாமியார் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் இறங்கிப் போனேன். "மச்சான், குனிங்க" என்றேன். நடு பஸ் ஸ்டாண்டில் அவர் தலையைப் பிடித்துக் குனியவைத்து, இரண்டு பொட்டிலும் முடியை விலக்கி, உச்சி வரை வகிர்ந்து காட்டினேன்.

"வாங்கண்ணே, வந்து பாருங்க. பொடுகுதான் இருக்கு. அதுக்கு இன்னம் மெஷின் வரல."

யாரோ சிரித்தார்கள். ஆனால் கால் ஒன்றுகூட நகரவில்லை. சிரித்துவிட்டு நிற்கிறார்கள். அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. கதவுக்கு வெளியே அந்தத் தொம் சத்தத்தைக் கேட்டபோதுகூட அவ்வளவு வரவில்லை. அந்தப் பயத்தில் என்ன பேசுவது என்றே தெரியாமல் நின்றேன். எனக்கு அப்படி நிற்பது அடிக்கடி நடப்பதில்லை.

கூடை நிறையக் கோழியோடு ஒரு கிழவி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எங்களுக்கு ஏதும் சொந்தமில்லை, அன்னவாசல் பக்கத்து ஆள்.

"வழிய வுடுங்கய்யா. நெஞ்சுல வச்சா என்ன, முதுகுல வச்சா என்ன. வண்டி ஓட்டுறது கையாலயும் காலாலயும். அது நாலும் இருக்குல்ல. வெயிலு ஏறுனா எங் கோழி செத்துப் போகும்."

கூடையைத் தூக்கி வண்டிக்குள் வைத்துவிட்டு அவளும் ஏறினாள். கண்டக்டர் ஓடிப்போய் அவளுக்குச் சன்னலோரம் இடம் துடைத்துக் கொடுத்தார். அவளுக்குப் பின்னால், அவள் கோழியில் ஒன்றை விலை கேட்டுக்கொண்டிருந்த ஆள் ஏறினான். அப்புறம் அவன் பெண்டாட்டி. பல் துலக்கியவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, யாரையும் பார்க்காமல் பின்வாசலில் ஏறினார். பத்து நிமிஷத்தில் உட்கார இடமில்லை. என் வீட்டுக்காரர் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் சொல்லவில்லை, அவர் கவனிக்கவும் இல்லை.

வழியெல்லாம் ஒருவரும் பேசவில்லை. ஒவ்வொரு வளைவிலும் எல்லார் கண்ணும் அவர் பிடரியில்தான். சித்தன்னவாசல் மலை தெரிகிற இடம் தாண்டி ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. இவர் பிரேக்கை மிதித்து, வண்டிக்காரனின் பரம்பரையை இரண்டு தலைமுறைக்கு வைது முடித்தார். அதைக் கேட்டதும் வண்டிக்குள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பழைய டிரைவர்தான் என்று புரிந்துவிட்டது. யாரோ வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்கள். பின்சீட்டில் கலியாணப் பேச்சுத் தொடங்கியது.

அன்னவாசலில் எல்லாரும் இறங்கினார்கள். நன்றாயிருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கும் அது தேவைப்படவில்லை. கோழிக்கிழவி மட்டும் கூடையை இறக்கிவிட்டு டிரைவர் சன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"ஏப்பா, என்ன வண்டி ஓட்டுற நீ? சந்த பாதி கலைஞ்சிருச்சு. சட்டையக் கழட்டி வேடிக்க காட்டிக்கிட்டு இருக்கிய. நாளைக்காச்சும் நேரத்துக்கு எடுப்பியா?"

எங்கள் கலியாணத்தன்று மாலையோடு உட்கார்ந்திருந்தபோது இவர் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். அன்றைக்குக்கூட அதில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"எடுத்துருவேன் ஆத்தா" என்றார். "நாளைக்கு நேரத்துக்கு எடுத்துருவேன்."